வீட்டுப் பட்டறைக்கு ஒரு ஹைட்ராலிக் பிரஸ்: டன் எண்ணைவிட இரும்புச் சட்டத்தைப் பார்த்துத் தேர்ந்த அனுபவம்

பழைய இருசக்கர வாகனங்களையும் சொந்தக் காரையும் வீட்டிலேயே பழுது பார்ப்பவருக்கு, ஸ்பேனர் செட்டும் டார்க் ரெஞ்சும் வந்து சேர்ந்த பிறகு பெரிதாகத் தெரியும் குறை, பொருள்களை எண்ணெய் அழுத்தத்தால் தள்ளும் பிரஸ் இல்லாததுதான். சக்கர பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ், காரின் லோயர் ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ், டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் க்ராங்க் பின் ஆகிய எல்லாமே துளையைவிடச் சற்றே பெரிய அளவில் செய்யப்பட்டு, அழுத்தி உள்ளே செலுத்தப்பட்டவை. இவற்றைச் சுத்தியலால் அடித்தும் எடுக்கிறார்கள், ஏற்றுகிறார்கள். ஆனால் சுத்தியல் அடி ஒருபோதும் நேராக விழுவதில்லை. பேரிங் ஒரு பக்கம் சாய்ந்து இறங்கும், துளையின் சுவர் கீறிக்கொள்ளும், அடியின் அதிர்ச்சி குண்டுகளின் வழியாகப் போனால் ஓடுதடத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அந்தப் பள்ளங்கள் இரைச்சலாக வெளிப்படும்.

கோயம்புத்தூரில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பலவற்றில் பிரஸ்ஸும் உண்டு. அப்படியிருக்க வீட்டில் எதற்கு ஒன்று என்ற கேள்வி நியாயமானதே. கார் ஜாக் ஸ்டாண்டின் மேல் சக்கரம் இல்லாமல் நிற்கும்போது நக்கிளை (சக்கர பேரிங் அமரும் பாகத்தை) தூக்கிக்கொண்டு வெளியே போய்க் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நம் பொருளை எந்த வளையத்தில் தாங்கி, எவ்வளவு விசையில், எந்த வேகத்தில் அழுத்துகிறார்கள் என்பது நம் கையில் இல்லாமல் போவது. பேரிங் வேலையில் தரத்தைத் தீர்மானிப்பவை இந்த மூன்றும்தான். ஆகவே ஒரு பிரஸ் வாங்குவது என்று முடிவு செய்தேன். எத்தனை டன் என்ற கேள்வியில் தொடங்கிய தேடல், விரைவிலேயே அந்தக் கேள்வியை விட்டு விலகி, சட்டம், அதாவது பிரஸ்ஸின் இரும்புக் கட்டமைப்பு, எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு வந்து நின்றது. இந்தப் பதிவின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

முதலில் தேவையைக் கணக்கிட்டேன். 25 மி.மீ. விட்டமுள்ள ஓர் எஃகு பின், 50 மி.மீ. வெளிவிட்டமுள்ள எஃகு உடலில், 30 மி.மீ. நீளத்துக்கு இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறது என்று கொள்வோம். பின் துளையைவிட 0.025 மி.மீ. பெரியது என்றால், தொடும் பரப்பில் ஏறத்தாழ 77 மெகாபாஸ்கல் அழுத்தம் உண்டாகிறது. உராய்வுக் குணகத்தை 0.15 என்று எடுத்துக்கொண்டால், பின்னை நகர்த்தச் சுமார் 27,000 நியூட்டன், அதாவது 2.8 டன் போதும். அளவு வேறுபாடு 0.05 மி.மீ. ஆனால் விசையும் இரட்டிப்பாகி ஐந்தரை டன்னாகிறது. இது சுத்தமான, எண்ணெய் தடவிய புதுப் பொருளுக்கு. மழையிலும் சேற்றிலும் பல வருடம் ஓடித் துருவேறிய நக்கிளில் உராய்வு இரண்டு மூன்று மடங்கு கூடிவிடும். அங்கே 10 டன்னைத் தாண்டியும் அழுத்த நேரிடலாம். இருசக்கர வாகனங்களின் சிறிய பேரிங்குகளோ ஓரிரு டன்னிலேயே நகர்ந்துவிடும்.

இந்தக் கணக்கின்படி, வீட்டு வேலையில் பெரும்பாலானவை 5 டன்னுக்குள்ளும், கடினமானவை 10 முதல் 15 டன்னுக்குள்ளும் அடங்கிவிடுகின்றன. 20 டன் பிரஸ் என்பது எல்லாவற்றுக்கும் மேலே கொஞ்சம் இடம் விட்டு நிற்கும் அளவு. 30, 50 டன் பிரஸ்கள் லாரி, டிராக்டர் வேலைக்கு உரியவை. அவற்றின் கீழ்ப் பெட்டை, அதாவது வேலைப்பொருள் அமரும் குறுக்குத் தாங்கியை, ஏற்றி இறக்கவே சங்கிலியும் கப்பியும் வேண்டும். 20 டன் என்று மனத்தில் குறித்துக்கொண்டு கடைகளுக்குப் போனேன்.

அங்கே பார்த்தவற்றுள் மேசைமேல் வைக்கும் சிறிய பிரஸ்ஸை முதலிலேயே ஒதுக்கினேன். க்ராங்கையோ நக்கிளையோ உள்ளே வைக்கும் அளவுக்கு அதில் இடமில்லை. காற்றழுத்தத்தில் இயங்கும் பம்பு உள்ள வகை, வேலை நாள் முழுவதும் ஓடும் பட்டறைக்குப் பொருந்தும். வீட்டுக்கு அதற்கென்று கம்பிரசர் வேண்டும், சத்தமும் அதிகம். மீதமிருந்தவை இரண்டு. ஒன்று, பாட்டில் ஜாக்கியை வைத்து இயங்கும் சட்டப் பிரஸ். மற்றொன்று, சிலிண்டர் மேல்சட்டத்தில் பொருத்தப்பட்டு, கைப்பம்பு தனியே பக்கத்தூணில் மாட்டப்பட்ட பிரஸ்.

பாட்டில் ஜாக்கி வகையின் அமைப்பை வாங்கும் முன் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரணப் பாட்டில் ஜாக்கியைத் தலைகீழாக வைத்தால் பம்பு எண்ணெயை இழுக்காது. அதனால் ஜாக்கியை நிமிர்த்தியே வைத்து, அதன் தண்டு மேல்சட்டத்தை நோக்கித் தள்ள, ஜாக்கி அமர்ந்திருக்கும் பலகை கீழே இறங்கி வேலைப்பொருளை அழுத்தும்படி செய்கிறார்கள். அழுத்தம் விட்டதும் இரண்டு ஸ்பிரிங்குகள் பலகையை மேலே இழுத்துக்கொள்கின்றன. இங்கே அழுத்தும் முனையின் நேர்த்தி முழுவதும் அந்தப் பலகை தூண்களுக்கிடையே எவ்வளவு இறுக்கமாக வழிநடத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தது. நான் பார்த்த மாதிரிகளில் பலகையைக் கையால் பிடித்து அசைத்தபோது கண்கூடாக ஆடியது. பேரிங்கை நேராக இறக்கத்தானே பிரஸ்ஸே வாங்குகிறோம். அந்த ஆட்டத்தை ஏற்க மனம் வரவில்லை. மேலும், இவ்வகையில் பொதுவாக அழுத்தமானி இருப்பதில்லை, ஜாக்கியின் உடலைத் துளைத்து ஒன்றைப் பொருத்துவதும் நல்லதல்ல. செலவும் இடமும் குறைவு என்பது உண்மைதான். எப்போதாவது ஒரு புஷ் மாற்றுபவருக்கு இதுவே போதும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தனிச் சிலிண்டர் வகையில், சிலிண்டருக்குள் நடப்பதைக் கணக்காகப் பார்த்தால் தேர்வு எளிதாகிறது. 60 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு 2,827 சதுர மி.மீ.; அதன் பின்னால் 700 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) இருந்தால் விசை 20 டன்னைத் தொடும். கைப்பம்பின் உந்துதண்டு 12 மி.மீ. விட்டம் என்றால் அதன் பரப்பு 113 சதுர மி.மீ.; இரண்டுக்குமான விகிதம் 25. கைப்பிடியின் நெம்புகோல் விகிதம் இருபது என்றால் மொத்தப் பெருக்கம் 500. ஆக, 20 டன்னுக்குக் கைப்பிடியில் தர வேண்டியது 40 கிலோ. இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தண்டு ஒருமுறை 25 மி.மீ. நகர்ந்தால் பிஸ்டன் ஒரே ஒரு மி.மீ. இறங்கும். 100 மி.மீ. இடைவெளியைக் கடக்க நூறு முறை கையடிக்க வேண்டும் என்பதால், இரண்டு வேகப் பம்பாகப் பார்த்து வாங்குவது நல்லது. அதில் சுமை இல்லாதபோது பெரிய தண்டு வேலை செய்யும், 25 மி.மீ. தண்டானால் ஒவ்வோர் அடிக்கும் நான்கு மி.மீ.க்கு மேல் இறங்கும். சுமை ஏறியதும் சிறிய தண்டு மட்டும் வேலை செய்யும்.

சிலிண்டரையும் பம்பையும் தேர்ந்த கம்பெனிகள் செய்து விற்கின்றன. அவற்றில் எழுதியிருக்கும் டன் எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. சட்டமோ உள்ளூர் வெல்டிங் பட்டறைகளில் கிடைத்த இரும்பில் கட்டப்படுகிறது. 20 டன் சிலிண்டரை மாட்டிவிட்டால் சட்டமும் 20 டன்னைத் தாங்கும் என்று பெயின்ட் அடித்து எழுதிவிடுகிறார்கள். சட்டத்துக்கான கணக்கைக் காட்டச் சொன்னால் பல இடங்களில் பதில் இல்லை. இதைச் சரிபார்க்க வாங்குபவரிடம் ஒரு டேப்பும் ஒரு வெர்னியரும் இருந்தாலே போதும்.

கீழ்ப் பெட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு சானல்கள் (ப வடிவக் குறுக்குவெட்டுள்ள இரும்புத் துண்டுகள்), முன்னொன்றும் பின்னொன்றுமாகத் தூண்களைக் கவ்வி நிற்கின்றன. தூண்களில் உள்ள பின்களுக்கிடையே தூரம் 500 மி.மீ. நடுவில் 20 டன், அதாவது 196 கிலோ நியூட்டன் இறங்கினால் வளைவுத் திருப்பம் (பெட்டை வளைக்க முயலும் விளைவு) 24.5 கிலோ நியூட்டன் மீட்டர். ஐ.எஸ்.எம்.சி. 100 என்னும், 100 மி.மீ. உயரமுள்ள இந்தியத் தர அளவுச் சானல் ஒன்றின் வளைவுக்கூறு (வளைவை எதிர்க்கும் அளவு) சுமார் 37 கன செ.மீ.; இரண்டுக்கு 74. தகைவை (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசையை) கணக்கிட்டால் 330 மெகாபாஸ்கல் வருகிறது. சாதாரணக் கட்டுமான இரும்பு 250 மெகாபாஸ்கலைத் தாண்டினால் நிரந்தரமாக வளைந்துவிடும். அதாவது இந்தப் பெட்டில் 20 டன் கொடுத்தால் அது வளைந்து, பிறகு நிமிராது. ஐ.எஸ்.எம்.சி. 125 சானல் இரண்டு போட்டால் தகைவு 184 மெகாபாஸ்கலாகக் குறைகிறது. தாங்கும், ஆனால் கையிருப்பு போதாது. ஐ.எஸ்.எம்.சி. 150 இரண்டு போட்டால் 118 மெகாபாஸ்கல்; இரண்டு மடங்குக்கு மேல் கையிருப்பு. முழுச் சுமையில் நடுவில் ஏற்படும் தொய்வும் 0.16 மி.மீ. அளவில் நின்றுவிடுகிறது. மேல்சட்டத்துக்கும் இதே கணக்குதான்.

நான் பார்த்த 20 டன் பிரஸ்களில் சில, 100 மி.மீ. சானலில் கட்டப்பட்டவை. விற்பவர்கள் அதைக் குறையாகவே கருதவில்லை. அவர்களிடம் வாங்கியவர்கள் யாரும் முழு 20 டன்னை ஏற்றியிருக்க மாட்டார்கள் என்பதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் துருவேறிய ஒரு பேரிங் நகர மறுக்கும் நாளில், பம்பைக் கையில் வைத்திருப்பவர் இன்னும் ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்றுதான் அழுத்துவார். சட்டம் சிலிண்டரைவிட வலுவாக இருக்க வேண்டியது அந்த நாளுக்காகவே.

தூண்களில் பொதுவாகச் சிக்கல் குறைவு. பிரஸ் அழுத்தும்போது தூண்கள் நசுங்குவதில்லை, இழுபடுகின்றன. ஒவ்வொரு தூணுக்கும் பாதிச் சுமை, 98 கிலோ நியூட்டன். ஐ.எஸ்.எம்.சி. 100 சானலின் குறுக்குப் பரப்பில் இது 84 மெகாபாஸ்கல் இழுதகைவு. பெட்டை உயர்த்தவும் தாழ்த்தவும் போடப்பட்ட துளைகளைக் கழித்தால் தகைவு ஏறி 125ஐ நெருங்கும். ஆகவே துளைகள் பெரிதாகவும் தூண் ஒல்லியாகவும் இருக்கும் சட்டத்தைத் தவிர்ப்பது நல்லது.

பின்களைப் பலரும் பார்ப்பதே இல்லை. பெட்டின் முழுச் சுமையும் அந்த இரண்டு உருளைத் தண்டுகளின் மேல்தான் நிற்கிறது. ஒரு பின் இரண்டு இடங்களில் வெட்டுவிசையைத் தாங்குகிறது. 25 மி.மீ. பின்னில் வெட்டுத்தகைவு 100 மெகாபாஸ்கல், 30 மி.மீ. பின்னில் 69. சாதாரண இரும்புத் தண்டை வெட்டிப் போட்ட பின்னா, வலுவான நடுத்தரக் கார்பன் எஃகான இ.என்.8இல் கடைந்த பின்னா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பின் துளைக்குள் தளர்வாக ஆடினால் அது வெட்டுவிசையோடு வளைவையும் சேர்த்துத் தாங்க நேரிடும். துளையைச் சுற்றித் தூணில் தடித்த பட்டையை வெல்டிங் செய்து வலுவூட்டியிருப்பது நல்ல கைவேலையின் அடையாளம்.

மூடப்பட்ட பட்டறை ஒன்றிலிருந்து வந்த பழைய 30 டன் பிரஸ் ஒன்றையும் உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடையில் பார்த்தேன். விலை ஈர்த்தது, சட்டமும் கனமானது. ஆனால் அதிகம் புழங்கிய உயரத்தில் இருந்த பின் துளைகள் மேல்கீழாக நீண்டு முட்டை வடிவமாகியிருந்தன. பெட்டின் மேல் நேர்விளிம்பை வைத்துப் பார்த்தபோது நடுவில் வெளிச்சம் தெரிந்தது. நீண்ட துளையும் தொய்ந்த பெட்டும், அந்தச் சட்டம் ஒருமுறையேனும் தன் எல்லையைத் தாண்டிச் சுமை ஏற்றப்பட்டது என்பதற்கான சாட்சிகள். பழைய பிரஸ் வாங்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும், மேல்சட்டத்துக்கும் தூணுக்குமான வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்பதையும் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய பிரஸ்ஸை அவ்வாறு சுரண்ட விடாத கடையில் வாங்காமல் இருப்பதே நலம்.

கசிவுச் சோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. 1795இல் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற முதல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கே பெரும் தலைவலியாக இருந்தது தண்டைச் சுற்றிய கசிவுதான். கிண்ண வடிவத் தோல் சீலைப் போட்டு, திரவத்தின் அழுத்தமே சீலின் உதட்டை விரித்துத் தண்டோடு ஒட்டச்செய்யும் வழியால் அது தீர்ந்தது. அந்த யோசனையைப் பிராமாவிடம் வேலை செய்த ஹென்றி மாட்ஸ்லேயின் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். இன்றைய ரப்பர் சீல்களும் அதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. இதனால் தேய்ந்த சீல், அதிக அழுத்தத்தில் இறுக்கமாக நின்று, குறைந்த அழுத்தத்தில் கசியக்கூடும். விற்பவர்கள் பெருமையோடு முழு அழுத்தத்தில் நிறுத்திக் காட்டுவார்கள். நாம் 50 பார் அளவிலும் நிறுத்தச் சொல்லி, சில நிமிடம் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

முடிவில் உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்வித்தேன். கீழ்ப் பெட்டும் மேல்சட்டமும் ஐ.எஸ்.எம்.சி. 150, தூண்கள் 125, பின்கள் 30 மி.மீ. இ.என்.8, சிலிண்டர் 60 மி.மீ. விட்டம், 150 மி.மீ. ஓட்டம், ஸ்பிரிங்கால் தானே மேலேறும் வகை, இரண்டு வேகக் கைப்பம்பு. மேல்சட்டத்தில் சிலிண்டரைப் பக்கவாட்டில் நகர்த்தும் வசதி வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். அந்த வசதி பெரிய பொருள்களுக்குப் பயன்படும், ஆனால் நடுவை விட்டு விலகிய சுமை ஒரு தூணையும் ஒரு பின்னையும் மட்டும் வருத்தும். வீட்டு வேலையில் பொருளை நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவருவது எப்போதும் முடிகிற காரியம்.

வந்து இறங்கியதும் முதல் வேலை அளவெடுத்தல். பெட்டின் மேற்பரப்புக்கும் ராமின் (பொருளை அழுத்தும் சிலிண்டர் தண்டின்) இறக்கத்துக்கும் செங்குத்துக் கோணம் சரியாக இருக்கிறதா என்று மூலைமட்டத்தை நிறுத்தி, ராமைப் படிப்படியாக இறக்கி, இரண்டு திசைகளில் பார்த்தேன். முன்பின் திசையில் சிறிது சாய்வு இருந்தது. சிலிண்டரின் பட்டைக்கும் மேல்சட்டத்துக்கும் இடையே மெல்லிய ஷிம் தகடு வைத்து இறுக்கியதும் நேரானது. இரண்டு பின்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதை எல்லாத் துளை உயரங்களிலும் ஸ்பிரிட் லெவல் வைத்துச் சரிபார்ப்பது அவசியம்; ஓர் உயரத்தில் சரியாக இருப்பது மற்றோர் உயரத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

20 டன் அழுத்தினால் வீட்டுத் தரை தாங்குமா என்று வீட்டில் கேட்டார்கள். வேறு பலரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். விசை முழுவதும் சட்டத்துக்குள்ளேயே தொடங்கிச் சட்டத்துக்குள்ளேயே முடிகிறது. மேல்சட்டம் மேலே தள்ளப்படுகிறது, பெட் கீழே தள்ளப்படுகிறது, இரண்டையும் தூண்கள் பிடித்துக்கொள்கின்றன. தரைக்குப் போவது பிரஸ்ஸின் சொந்த எடை மட்டுமே. தரையில் பொருத்த வேண்டிய காரணம் வேறு: பிரஸ் உயரமானது, அடி குறுகியது, எடை மேலே இருக்கிறது. 12 மி.மீ. ஆங்கர் போல்ட்டுகளால் கான்கிரீட் தரையோடு இறுக்கினேன். டைல்ஸ் பதித்த இடத்தில் வைக்க நேர்ந்தால் டைல்ஸை வெட்டி எடுத்துவிட்டுக் கான்கிரீட்டில் போல்ட் போடுவதே முறை.

எண்ணெய் 46 எண் ஹைட்ராலிக் ஆயில். பிரேக் ஆயிலை ஊற்றக் கூடாது; அதன் கிளைக்கால் சேர்மம் நைட்ரைல் ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பம்பை உயரே வைத்து, ராமைச் சுமையில்லாமல் முழுவதும் இறக்கி ஏற்றி, குழாயில் இருந்த காற்று வெளியேறும்வரை தொடர்ந்தேன். காற்று இருந்தால் கைப்பிடி பஞ்சுபோல் அமிழும். அதைவிட, காற்று அமுங்கித் தேக்கிவைக்கும் ஆற்றல், பொருள் திடீரென நழுவும்போது ராமை உதைக்கச் செய்யும்.

பிரஸ்ஸில் ஒரே ஒரு துணைப்பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதை அழுத்தமானிக்குச் செலவிடுவேன். கிளிசரின் நிரப்பிய, 1,000 பார் வரை காட்டும் மானியைப் பம்பின் வெளியேற்ற வழியில் பொருத்தினேன். முகப்பில் பார் எண்களுக்கு அருகே டன் எண்களை எழுதி ஒட்டியிருக்கிறேன்: 100 பாருக்கு 2.9 டன், 350 பாருக்கு 10 டன், 700 பாருக்கு 20 டன். முள் பேசும் மொழி சில நாள்களில் பழகிவிடுகிறது. பேரிங் சீராக இறங்கும்போது முள் ஓர் அளவில் நின்று மெல்ல ஏறும். சாய்ந்து இறங்கினால் ஏறி, சட்டென விழுந்து, மறுபடி ஏறும். அடியில் போய் அமர்ந்ததும் செங்குத்தாக ஏறும். அந்த இடத்தில் கையை நிறுத்த வேண்டும். மானி இல்லாத பிரஸ்ஸில் இந்த மூன்றையும் கைப்பிடியின் கனத்தில் ஊகிக்க வேண்டியிருக்கும்.

பெட்டின் இரண்டு சானல்களுக்கிடையே உள்ள இடைவெளியின் குறுக்கே வைத்துப் பொருளைத் தாங்கும் தட்டுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மலிவான பிரஸ்களோடு வார்ப்பிரும்புத் தட்டுகளைத் தருகிறார்கள். வார்ப்பிரும்பு நசுக்கலைத் தாங்கும், வளைவைத் தாங்காது. இரண்டு முனைகளில் தாங்கி நடுவில் அழுத்தினால் முன்னறிவிப்பின்றி வெடித்துத் துண்டுகளாகப் பறக்கும். நான் 25 மி.மீ. இரும்புத் தகட்டில் வாயுவெட்டு முறையில் வெட்டுவித்து, விளிம்புகளைக் கிரைண்டரில் தேய்த்து, நான்கு அளவு பிளவுகளோடு இரண்டு தட்டுகள் செய்துகொண்டேன். இரும்புத் தட்டு சுமை மிகுந்தால் வளையும். வளைவதைக் கண்ணால் பார்த்து நிறுத்திவிடலாம்.

பேரிங்கின் வளையங்களும் அப்படித்தான். கடினமாக்கப்பட்ட எஃகு, வார்ப்பிரும்பைப்போலவே திடீரென உடையும். பழைய பேரிங்கை எடுக்கும்போது அதன்மேல் தடித்த ரப்பர் பாயையோ கித்தானையோ சுற்றுகிறேன், முன்னால் பாலிகார்பனேட் தகட்டைச் சட்டத்தில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன், முகக்கவசமும் அணிகிறேன். அழுத்தும்போது ராமுக்கு நேர்முன்னால் நிற்பதில்லை, பம்பு பக்கத்தூணில் இருப்பது இதற்கும் உதவுகிறது. குழாயில் கசிவு தெரிந்தால் விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. 700 பாரில் வரும் மெல்லிய எண்ணெய்த் தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறு புள்ளியாகத் தெரியும் அந்தக் காயம் உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் கடுமையானது. அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும், அதற்கும் முன்பு அழுத்தத்தை விட வேண்டும்.

முதல் பெரிய வேலை முன்சக்கர இழுவைக் காரின் நக்கிள். முதலில் ஹப்பை (சக்கரம் மாட்டப்படும் பாகத்தை) பேரிங்கிலிருந்து தள்ளி எடுத்தேன். எதிர்பார்த்தபடி பேரிங்கின் உள்வளையத்தில் பாதி ஹப்பிலேயே தங்கிவிட்டது. அதைப் பிரிப்பான் போட்டு எடுத்தேன். பேரிங்கைப் பிடித்திருக்கும் சர்க்கிளிப் வளையத்தை எடுத்துவிட்டோம் என்பதை இரண்டாம் முறை பார்த்து உறுதிசெய்த பிறகே பேரிங்கின் மேல் அழுத்தத் தொடங்க வேண்டும். துருவேறியிருந்ததால் முள் 300 பாரைத் தாண்டி ஏறியது; பிறகு பலத்த ஓசையோடு நகர்ந்தது. அந்த ஓசை, இழுபட்டிருந்த சட்டம் சட்டெனத் தளர்வதால் வருவது. கேட்டதும் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் அதன் பிறகு பொருள் இன்னும் நேராக நிற்கிறதா என்று பார்த்தே தொடர வேண்டும். துளையைச் சுத்தம் செய்து, புதுப் பேரிங்கின் காந்த வளையம் உள்ள பக்கம் சக்கர வேகச் சென்சாரை நோக்கி இருக்கும்படி வைத்து, வெளிவளையத்தின் மேல் மட்டும் படும் உருளையால் அழுத்தினேன். பழைய பேரிங்கின் வெளிவளையத்தைச் சற்றுத் தேய்த்தால் அதுவே இந்த வேலைக்கான உருளையாகிவிடும்.

கடைசிப் படிதான் அதிகம் கவனம் கேட்பது. ஹப்பைப் புதுப் பேரிங்குக்குள் இறக்கும்போது, பேரிங்கின் உள்வளையத்தைக் கீழிருந்து தாங்க வேண்டும். நக்கிளை மட்டும் பெட்டின் மேல் வைத்து ஹப்பை அழுத்தினால், விசை உள்வளையத்திலிருந்து குண்டுகள் வழியாக வெளிவளையத்துக்குப் போகும். பேரிங் வண்டியில் ஏறும் முன்பே கெட்டுவிடும். புதுப் பேரிங் போட்டும் இரைச்சல் போகவில்லை என்று சொல்லப்படும் பல வண்டிகளில் நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. உள்வளையத்துக்குச் சரியான அளவில் ஒரு குழாய்த்துண்டை லேத்தில் கடைந்து வைத்துக்கொண்டேன்.

யமஹா ஆர்.எக்ஸ். 100இன் க்ராங்க் அடுத்து வந்தது. அதன் க்ராங்க் பின், க்ராங்கின் இரண்டு எடைச்சக்கரங்களிலும் அழுத்திப் பொருத்தப்பட்டது; கனெக்டிங் ராட் கிட் மாற்ற வேண்டுமானால் பிரஸ் இல்லாமல் முடியாது. பிரிக்கும் முன்பே இரண்டு சக்கரங்களின் வெளிமுகங்களுக்கிடையே அகலத்தை வெர்னியரால் அளந்து எழுதி, ஓரத்தில் நேர்க்கோடும் கீறிக்கொண்டேன். பின்னை ஏற்றும்போது அந்த அகலம் வந்ததும் நிறுத்தி, ராடின் பக்க இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்து, பிறகு வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜால் ஆட்டத்தைப் பார்த்தேன். இங்கேதான் சிறிய தண்டின் ஒரு மி.மீ. நகர்வு வரமாகிறது, கைப்பிடியை அரைகுறையாக இறக்கினால் ராமைப் பத்தில் ஒரு பங்கு மி.மீ. அளவுக்கும் நகர்த்த முடிகிறது. சக்கரங்களை நேர்செய்வது பிரஸ்ஸின் வேலையல்ல. அதற்குச் செம்புச் சுத்தியலும் டயல் கேஜும் பொறுமையும் வேண்டும்.

அதே எஞ்சினின் அலுமினிய உறையில் பேரிங் ஏற்றப் பிரஸ்ஸைப் பயன்படுத்தவில்லை. 47 மி.மீ. துளை கொண்ட அலுமினிய உறையை அறைவெப்பத்திலிருந்து 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை 0.086 மி.மீ. விரிகிறது, குளிர்ந்த பேரிங் அதில் கைவிரல் அழுத்தத்திலேயே போய் அமர்கிறது. அழுத்தி ஏற்றினால் மென்மையான அலுமினியத்தைப் பேரிங் சீவிக்கொண்டு போகும், அடுத்த முறை பொருத்தம் தளர்ந்துவிடும். ரப்பர் புஷ்களுக்கும் ஒரு தனிக் கவனம் உண்டு: எண்ணெயோ கிரீஸோ தடவாமல் சோப்புத் தண்ணீர் தடவி அழுத்த வேண்டும், இல்லையேல் ரப்பர் ஊறிக் கெடும், லோயர் ஆர்மில் அம்புக்குறி இருந்தால் அதன் திசையையும் பழைய புஷ் இருந்தபடியே வைக்க வேண்டும்.

இப்போது வேலை முடிந்ததும் ராமை முழுவதும் மேலேற்றி, ரிலீஸ் வால்வைத் திறந்தே விடுகிறேன். தண்டு வெளியே நின்றால் ஈரக்காற்றில் துரு பிடித்து, அந்தத் துரு சீலின் உதட்டை அறுக்கும். பெட்டின் மேற்பரப்புக்கும் பின்களுக்கும் மெல்லியதாக எண்ணெய் பூசுகிறேன். கனமான வேலை எதுவும் செய்த பிறகு பின்களை உருவி, சமதளத்தில் உருட்டி, நேராக உருள்கின்றனவா என்று பார்க்கிறேன். துளைகளையும் வெர்னியரால் மேல்கீழாக அளந்து, முதலில் எடுத்த அளவோடு ஒப்பிடுகிறேன். பெட்டை இடம் மாற்ற இன்னும் இருவர் தேவைப்படுகிறார்கள். மேல்சட்டத்தில் ஒரு கொக்கி வெல்டிங் செய்து, சிறிய கைச்சுழல் கப்பி ஒன்றை மாட்டும் வேலை அடுத்து இருக்கிறது. வெல்டிங்கைத் தகைவு அதிகமுள்ள நடுப்பகுதியில் வைக்காமல், தூணுக்கு அருகே, சானலின் நடுத்தகட்டில் வைக்கும்படி இடம் குறித்து வைத்திருக்கிறேன்.